படகில் இருந்த ஐந்து பேர்

காலை ஏழே காலுக்கு மூன்று செய்திகள் வந்துவிடும். அதற்குள் முப்பிடாதி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறைச் சுவர்த்திரைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். செய்திகள் நீளமானவை அல்ல. மலைச்சாலையில் மரம் விழுந்திருக்கும், எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்திருக்கும், ஏதோ ஒரு பள்ளிக்கு விடுமுறை விட்டிருப்பார்கள். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் சிவப்பில் ஓர் எண் இருக்கும். ‘பிழைகள்: 2’ என்றிருந்தால் அந்த இரண்டையும் கண்டுபிடித்து, விரலால் தொட்டு, சரியான சொல்லைத் தட்ட வேண்டும்.

“ஏளா, இட்லி வெந்துட்டு,” என்பான் கணவன் சுடலைமணி.

“இருங்க. ஒரே ஒரு ஒற்று மட்டும் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு.”

பதினெட்டு வயது நிறைந்த எல்லோருக்கும் இந்த வாசிப்புக் கடமை உண்டு. தொடர்ந்து மூன்று முறை பிழையைத் தவறவிட்டால் ஆறு மாதத்துக்கு வாசகர் உரிமை போய்விடும். மின்பேருந்து நிலையத்தில் வேலை பார்த்த சுடலைமணிக்கு அது இரண்டு தடவை போயிருந்தது. அவனுக்கு அதில் நிம்மதிதான். முப்பிடாதிக்கு நான்கு வருடத்தில் ஒரு பிழைகூடத் தப்பியதில்லை.

அவளுக்கு இது புதுப் பழக்கம் அல்ல. இருபது வயதில், செய்திகளை மனிதர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, இணையத்தில் வரும் செய்திகளுக்குக் கீழே கருத்துப் பெட்டியில் எழுதுவாள். ‘பலி வாங்கினார் அல்ல, பழி வாங்கினார் என்று இருக்க வேண்டும். பலி வேறு, பழி வேறு.’ அதற்குக் கீழே யாராவது ‘வேற வேலையே இல்லையா’ என்று கேட்டுவிட்டு, சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாக ஒட்டிவிட்டுப் போவார்கள். பிழையை யாரும் திருத்த மாட்டார்கள். மறுநாளும் அவள் எழுதுவாள்.

பிறகு செய்தியெழுதி வந்தது; ‘எழுதி’ என்றே எல்லோரும் சுருக்கிச் சொன்னார்கள். நாளுக்குப் பல்லாயிரம் செய்திகளை அந்த எந்திரமே எழுதித் தள்ளியது. அதில் எழுத்துப்பிழையே இல்லை. பிழை இல்லாததால் எவரும் ஊன்றிப் படிக்கவும் இல்லை. படித்தவை மற்ற எந்திரங்கள்தான். மழைச் செய்தியைப் படித்து அணையின் மதகு திறந்தது, விபத்துச் செய்தியைப் படித்து ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஒருமுறை பெய்யாத மழையைப் பெய்ததாக அது எழுதிவிட்டது. மதகுகள் திறந்துகொண்டு ஓர் ஊரே மூழ்கியது. அந்தச் செய்தி இரண்டு லட்சம் பேரின் கைபேசிகளில் காலையிலிருந்தே கிடந்தது. ஒருவரும் ‘இங்கே வெயிலடிக்கிறதே’ என்று சொல்லவில்லை.

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. மனிதக் கண் படாத செய்தியை எந்த எந்திரமும் நம்பக் கூடாது. ஒவ்வொரு செய்தியையும் ஐம்பது பேர் படித்தாக வேண்டும். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் படித்தேன் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதியே சில பிழைகளை வேண்டுமென்று நட்டுவைத்தது. அவற்றுக்கு விதைப்பிழைகள் என்று பெயர். ஐம்பது பேரும் களையெடுத்து முடித்ததும் செய்தி உறுதிநிலைக்குப் போகும். பிறகு அதை நம்பி எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுவர்த்திரை வேலை செய்யவில்லை. முப்பிடாதி இலஞ்சியிலிருந்து தென்காசிக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே கைபேசியில் படித்தாள். பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் படங்களை அணைத்து வைத்திருந்தாள். முதல் இரண்டு செய்திகளும் இரண்டு நிறுத்தங்களுக்குள் முடிந்துவிட்டன. மூன்றாவதன் தலையில் ‘பிழைகள்: 3’ என்றிருந்தது.

‘சங்குமணல் துறையிலிருந்து சனிக்கிழமை கடலுக்குச் சென்று காணாமல் போன விசைப்படகு, நேற்று மாலை கவிழ்ந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. படகில் இருந்த ஐந்து பேரின் உடைமைகள் இன்று குடும்பத்தாரிடம் ஒப்படைக்கபடும் என்று மீட்பு நிலையம் தெரிவித்தது. அப்பகுதியில் கடல் கொந்தளிப்பாகவே உல்லது.’

‘ஒப்படைக்கப்படும்’ என்று ஒற்றைச் சேர்த்தாள். ‘உள்ளது’ என்று திருத்தினாள். மூன்றாவதைக் காணவில்லை. ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தினாள். கொந்தளிப்பு சரி. கவிழ்ந்த, சரி. உடைமைகளுக்கு இந்த ‘டை’தான். பேருந்து பழைய நிலையத்தைத் தாண்டியது. எட்டரைக்குள் முடிக்காவிட்டால் தவறவிட்டதாகக் கணக்கு.

அப்போதுதான் ‘இருந்த’ என்ற சொல்லில் கண் நின்றது. படகு கவிழ்ந்திருக்கிறது. உடைமைகளைக் குடும்பத்தாரிடம் கொடுக்கப்போகிறார்கள். உயிரோடு இருப்பவனின் சட்டையை அவன் வீட்டாரிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? ரு, ற. விதைப்பிழைகளில் இந்த இரண்டையும் மாற்றிவைப்பது எழுதியின் வழக்கம். அவள் அதைத் தொட்டு ‘இறந்த’ என்று தட்டினாள். பாவம் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

கண்ணாடிக் கடையில் வில்லைகளை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. மதியம் ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கடைத் திரையில் செய்தி ஓடியது. ‘சங்குமணல் படகு: ஐவர் இறப்பு உறுதி. தேடுதல் பணி நிறுத்தம்.’

அவள் கையை நிறுத்தினாள். தேடுதல் பணியா? காலையில் படித்ததில் தேடுவதாக எதுவும் இல்லையே. இறந்தவர்களை எதற்குத் தேடிக்கொண்டிருந்தார்கள்? கைபேசியை எடுத்து அந்தச் செய்தியைத் திறந்தாள். அவள் திருத்திய மூன்று சொற்களும் பச்சையில் இருந்தன. கடையின் இணைப்பு வேகமானது. இந்தமுறை படமும் வந்தது. கவிழ்ந்து கிடந்த நீலப் படகு. படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘சங்குமனல் துறைக்குக் கிழக்கே கண்டெடுக்கப்பட்ட படகு.’

சங்குமனல். ண அல்ல, ன. மூன்றாவது பிழை அங்கே இருந்தது.

பிழைத்தீர்வு மையத்துக்கு அழைத்தபோது மனிதக் குரலே எடுத்தது. அவள் நடந்ததைச் சொன்னாள்.

“மேடம், உங்க திருத்தத்துல தப்பு எதுவும் காட்டலையே. வாக்கியம் சரியாத்தானே இருக்கு?”

“தப்பு இல்லாத எடத்துல தப்புன்னு சொல்லிட்டேன் சார். அதைத்தான் சொல்லுதேன். மூணாவது பிழை படத்துக்குக் கீழ இருக்கு.”

“ஆமா. அதைப் பன்னெண்டு பேர் பிடிச்சிருக்காங்க. முப்பத்தோரு பேர் உங்களை மாதிரியே ‘இறந்த’ன்னு சொல்லியிருக்காங்க. பாதிக்கு மேல வாசகர்கள் ஒரே திருத்தத்தைச் சொன்னா எழுதி தன் சொல்லை விட்டுக்கொடுத்துடும் மேடம். சட்டமே அதுதான். எழுதியை நம்பாதே, வாசகரை நம்பு.”

“அப்போ அந்த அஞ்சு பேரும் செத்துட்டாங்களா, இல்லையா?”

“செய்தியில இறந்துட்டாங்க.”

“நெசத்துல?”

“அது எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான் பிழை பாக்கிறவன்.”

மறுவாசிப்பு மனு போடலாம் என்றான். புதிதாக ஐம்பது பேர் படிக்க ஏழு நாள் ஆகும். அதுவரை பழைய சொல்தான் நிற்கும். வாசகர்கள் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டு திருத்துவது குற்றம் என்பதையும் நினைவூட்டினான். அவள் மனுவைப் போட்டாள். அந்த முப்பத்தொரு பேரில் தான் எத்தனையாவது ஆள் என்று கேட்டாள். அதைச் சொல்ல விதியில் இடமில்லை என்றான்.

மாலையில் சுடலைமணி அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். “முப்பத்தோரு பேரு சொல்லியிருக்காவல்லா. நீ ஒருத்தி சொல்லாட்டாலும் முப்பது இருக்கு. உன்னால ஒண்ணும் ஆகல.”

“மத்த முப்பது வீட்லயும் இப்ப இதைத்தான் பேசிக்கிட்டு இருப்பாவ.”

“அவங்க நெசமாவே செத்திருந்தா?”

“இருந்தா, நான் சொன்னது சரி. இல்லாட்டி?” ஐந்து பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தான் விரும்புவது என்ன என்பதும் குழம்பியது. தன் திருத்தம் பிழையாக இருக்க வேண்டும் என்று இதற்குமுன் அவள் ஒருநாளும் விரும்பியதில்லை.

புதன்கிழமை முதல் பேருந்தைப் பிடித்தாள். சங்குமணலில் இறங்கும்போது மணி பத்து. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. துறையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன் ஏலக் கொட்டகைக்குள் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஐந்து பிளாஸ்டிக் பைகள். செய்தி வாசித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று முப்பிடாதி சொன்னதும், படகோட்டி மில்டனின் மனைவியிடம் அனுப்பினார்கள். ரெக்ஸலினுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள். அவள் மட்டும் அழாமல், பைக்குள்ளிருந்த ஒரு துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“செத்துட்டார்னு சொல்லுதாவ,” என்றாள் ரெக்ஸலின். “யாரு பாத்தான்னு கேட்டா, செய்தி உறுதியாயிட்டுங்காவ. உடம்பு எங்கன்னு கேட்டாலும் அதையேதான் சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் விளங்கலக்கா.”

முப்பிடாதி அவள் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பேருந்து, அணைத்து வைத்த படம், ரு, ற. தன் குரல் தனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஓர் எழுத்துக்காக ஒரு கடலையே தேடாமல் விட்டுவிட்டார்கள் என்று யாரிடம் சொன்னாலும் நம்புவார்களா? ரெக்ஸலின் துண்டை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

“நீங்க மாத்துறதுக்கு முன்ன என்ன போட்டிருந்துச்சு?”

“படகில் இருந்த ஐந்து பேர்னு.”

“செத்தாங்கன்னு போடலையா?”

“போடல. அதை நாந்தான் போட்டேன்.”

ரெக்ஸலின் அவளைத் திட்டுவாள், அடிப்பாள் என்று முப்பிடாதி எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் வந்தோமோ என்றும் தோன்றியது. ஆனால் அவள் சட்டென்று எழுந்து கொட்டகைக்கு நடுவே போய் நின்றாள்.

“யாரும் பாக்கல! கேட்டியளா? ஒருத்தரும் பாக்கல. இந்த அக்கா தப்பா வாசிச்சிருக்காவ. கொம்புத் திட்டுப் பக்கம் ட்ரோன் இன்னும் போகவே இல்ல. நேத்து மத்தியானத்துக்கு மேல அங்க போகும்னுதான சொன்னாவ? அதுக்குள்ள நிறுத்திட்டாவ. படகு கவுந்தா எங்க வீட்டுக்காரரு அந்தத் திட்டுக்குத்தான் நீந்துவாரு. என்கிட்டயே சொல்லியிருக்காரு.”

கொட்டகையில் ஒரே கூச்சல். கடல் எச்சரிக்கை விடுத்த நாளில் விசைப்படகுகளின் என்ஜின் பூட்டுத் திறக்காது. மனிதர்கள் போக வேண்டாம், ஆளில்லாப் பறப்பிகள் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. இப்போது பறப்பிகளும் இல்லை. மீட்பு நிலையத்துக்கு ஒருவர் அழைத்தார். உறுதிநிலைச் செய்திக்கு எதிராகப் பறப்பிகள் கிளம்பாது என்று பதில் வந்தது. கரையின் ஓரத்தில் பூட்டு இல்லாத பழைய நாட்டுப்படகுகள் இரண்டு கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. யாரோ போய் அதில் ஒன்றைப் புரட்டினார்கள். அதன் பிறகு எவரும் எவரிடமும் கேட்கவில்லை. நண்பகலில் ஏழு ஆண்களும் ரெக்ஸலினும் இரண்டு படகுகளில் அலையை உடைத்துக்கொண்டு போனார்கள். முப்பிடாதி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தள்ளிவிட்டாள்.

இப்போது அவள் பயம் இரட்டிப்பாகிவிட்டது. போன எட்டுப் பேருக்கு ஏதாவது ஆனால், அதையும் தானே சொல்லி அனுப்பியதாக ஆகும். ஊருக்குத் திரும்பலாமா என்று நினைத்தாள். அதற்கும் மனம் வரவில்லை. அன்று மாலை ரெக்ஸலினின் பக்கத்து வீட்டுப் பெண் சோறு போட்டாள். உறவுக்காரியா என்று அவள் கேட்டதற்கு முப்பிடாதி தலையை ஆட்டினாள். ஆம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகுகள் இரண்டும் தெரிந்தன. ஊர் முழுவதும் கரைக்கு ஓடியது. முதல் படகில் மில்டன் ரெக்ஸலினின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்து, கண் வீங்கி, உயிரோடு. இன்னும் இரண்டு பேரும் உயிரோடு. இரண்டாவது படகில் நான்காமவன் இன்னாசி இருந்தான். அவன் காலடியில், பாயால் மூடி, ஐந்தாமவன் கஸ்பார்.

இன்னாசியைத் தூக்கிக் கரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்ததும் பேசத் தொடங்கினான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

“படகு கவுந்தப்ப கஸ்பாருக்கு இடுப்புல அடி. இழுத்துக்கிட்டுத்தான் திட்டுல ஏறுனோம். மழைத் தண்ணியக் குடிச்சுக் கெடந்தோம். செவ்வாக்கிழமை மத்தியானம் ட்ரோன் சத்தம் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. மில்டன் சட்டையக் கழட்டி வீசுனான். எங்க பக்கமா வந்துக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு அப்படியே திரும்பிப் போயிட்டு. ஏன் போச்சுன்னே தெரியல. கஸ்பார் திரும்ப வரும், திரும்ப வரும்னு சொல்லிக்கிட்டே கெடந்தான். நேத்து சாயங்காலம் வரைக்கும் சொன்னான்.”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முப்பிடாதிக்கு அந்தப் பறப்பி ஏன் திரும்பியது என்று தெரியும். அந்தக் கரையில் அதை முழுதாக அறிந்தவர்கள் அவளும் ரெக்ஸலினும் மட்டுமே. ரெக்ஸலின் தன் கணவனின் தலையைத் துவட்டிக்கொண்டே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதில் நன்றி இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா? முப்பிடாதி வராமல் இருந்திருந்தால் நால்வரும் திட்டிலேயே கிடந்திருப்பார்கள். அவள் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சொல்லைத் தொடாமல் இருந்திருந்தால்? தொடாமல் இருந்திருந்தாலும் முப்பது பேர் தொட்டிருப்பார்கள். கணக்கு எந்தப் பக்கமாகப் போட்டாலும் நேராக வரவில்லை.

கஸ்பாரின் மனைவி சகாயமேரியின் வீட்டில் உடலை வைத்திருந்தார்கள். ஊருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன் முப்பிடாதி அங்கே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. சகாயமேரி ஐம்பது வயதை நெருங்கியவள்; முந்தின நாள் கொட்டகைக்கு வந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். இந்த ஒரு முகம் மட்டும் புதிது.

“நீ யாரும்மா? எந்த ஊரு?”

“தென்காசிப் பக்கம்க்கா.” முப்பிடாதி அருகில் உட்கார்ந்தாள். “அந்தச் செய்திய வாசிச்சவ.”

சகாயமேரியின் முகம் நெகிழ்ந்தது. “வாசிச்சிட்டா இம்புட்டுத் தூரம் வந்த? எங்கள யாருன்னே தெரியாதே உனக்கு.” அவள் முப்பிடாதியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற ரெக்ஸலின் முப்பிடாதியைப் பார்த்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நல்லதாப் போச்சு. நீ வாசிச்சவதான, நீயே சொல்லு,” என்றாள் சகாயமேரி. “கோயில்ல வருசா வருசம் பூசை வைக்கணும். தேதி கேக்காவ. பதிவு ஆபீஸ்ல செவ்வாக்கிழமைன்னு இருக்காம். இன்னாசி புதன்கிழமை சாயங்காலம்ங்கான். ஆபீஸ்ல இருக்கறதத்தான் எழுதணும்னு ஒருத்தன் சொல்லுதான். எனக்குத் தலை சுத்துது. மனுசன் எப்பம் செத்தாருன்னுகூடவா ரெண்டு இருக்கும்? எது சரி?”

அறையில் இருந்தவர்கள் முப்பிடாதியைப் பார்த்தார்கள். செய்தி படித்தவள், வெளியூர்க்காரி, விவரம் தெரிந்தவள்.

“புதன்கிழமைதான் சரிக்கா,” என்றாள் முப்பிடாதி. “செவ்வாக்கிழமைன்னு இருக்கிறது தப்பு.”

“அப்படி யாரு தப்பாப் போட்டா?”

“நான்.”

சகாயமேரிக்குப் புரியவில்லை. “நீயா? நீ எப்படிம்மா போடுவ? நீ வாசிக்கத்தான செஞ்ச?”

“ஆமாக்கா. வாசிக்கத்தான் செஞ்சேன்.”

செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். சகாயமேரி ஒன்றும் விளங்காமல், ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகள் இன்னும் முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. எந்தச் சொல் வரும்போது அந்தப் பிடி விடுபடும் என்று தெரியாமலே முப்பிடாதி சொல்லிக்கொண்டு போனாள்.